மாடிப் பாசிக்கு எந்த சோப்பு? "ஆள் பாத்துப்பார்"னு விடாதீங்க

1/
மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்ததும் தெருவுக்குத் தெரு மொட்டை மாடி கழுவும் வேலை ஆரம்பிச்சிடும். ஆளைக் கூப்பிட்டு "என்னென்ன வாங்கணும்?"னு கேட்டா லிஸ்ட் இப்படி வரும்: ஆசிட் ரெண்டு பாட்டில், ப்ளீச்சிங் பவுடர் ஒரு கிலோ, சோப் ஆயில் ஒரு லிட்டர்.
இந்த மூன்றையும் ஒரே மாடிக்கு அனுப்பக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். எந்த பாட்டில் மாடிக்குப் போகணும் என்று முடிவு செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர். "அதெல்லாம் அவருக்குத் தெரியும்" என்று கை கழுவ முடியாது. காசு கொடுப்பவர் கீழே ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காற்றைச் சுவாசிப்பவர் மேலே இருக்கிறார்.

3/
ப்ளீச்சிங் பவுடர் என்பது கால்சியம் ஹைப்போகுளோரைட். திரவ ப்ளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கடையில் விற்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஹைப்போகுளோரைட்டும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியே வரும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மன் படை ஆயுதமாகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான்.

4/
"மாடி திறந்தவெளிதானே டாக்டர், காத்துல போயிடாதா?"
நல்ல கேள்வி. குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. எழும்பாமல் தரையை ஒட்டியே படரும். தேய்க்கிறவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். அவர் முகமும் தரையை ஒட்டித்தான் இருக்கும். அதோடு, பக்கெட்டில் கலப்பது பல நேரம் மாடிப்படி ரூமிலோ பாத்ரூமிலோ நடக்கும். அங்கே காற்றே கிடையாது.

5/
உள்ளே போனால் என்ன ஆகும்? கண், மூக்கு, தொண்டையில் உள்ள ஈரத்தில் கரைந்து அங்கேயே அமிலமாக மாறும். எரிச்சல், இருமல், மூச்சு இழுப்பு. அளவு கூடினால் நுரையீரல் வரை புண்ணாகும். ஆஸ்துமா இருப்பவருக்குக் கொஞ்சமே போதும்.
இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. ஆக்சிஜன், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, கண்காணிப்பு. இவ்வளவுதான் எங்களிடம் உள்ளது.

6/
பயமான விஷயம் இன்னொன்று. நுரையீரலில் நீர் கோர்ப்பது உடனே தெரியாமல், சில மணி நேரம் கழித்தும் வரலாம். மதியம் இருமிவிட்டு "ஒண்ணுமில்ல சார், சரியாயிடுச்சு"னு வீட்டுக்குப் போனவருக்கு ராத்திரி மூச்சு திணறலாம். அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

7/
மாஸ்க்? சர்ஜிக்கல் மாஸ்க், என்95, ஈரத் துண்டு எதுவும் இந்த வாயுவை நிறுத்தாது. தூசிக்கு வேறு, வாயுவுக்கு வேறு. மாஸ்க் வாங்கிக் கொடுத்தோமே என்று நிம்மதி அடைய வேண்டாம்.

8/
சரி, ப்ளீச் இல்லாம வெறும் ஆசிட் மட்டும் ஊத்தினா?
"பொங்குது பாருங்க, அழுக்கு வெளிய வருது" என்பார்கள். பொங்குவது அழுக்கு இல்லை. உங்கள் மாடியின் சுண்ணாம்பும் சிமென்ட்டும் கரைகிறது. தட்டோடு இணைப்புகளும் பழைய சுண்ணாம்புத் தளமும் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படும். அடுத்த மழையில் ஒழுகும். சொரசொரப்பான தரையில் பாசி இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

9/
பிறகு ஏன் ஆசிட் கேட்கிறார்கள்? ஏனென்றால் நாம் பேசுவது கான்ட்ராக்ட். "முழு மாடிக்கு இவ்வளவு, மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுங்க." ப்ளீச்சுக்கு ஊறும் நேரம் வேண்டும். ஆசிட் உடனே பொங்கிக் காட்டும். அவசரம் நம்முடையது, ஆபத்து அவருடையது. நாள் கூலியாகப் பேசுங்கள். ஆசிட்டுக்குத் தேவையே இருக்காது.

10/
இப்ப சோப்புக்கு வருவோம். பாசியைக் கொல்வது சோப்பு இல்லை, ப்ளீச். சோப்பின் வேலை தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பது. வெறும் தண்ணீர் முத்து முத்தாக நின்று வழிந்துவிடும். சோப்பு சேர்ந்தால் பரவி, ஒட்டி, பாசிக்குள் இறங்கும்.

11/
அமெரிக்காவில் சரிவான ஷிங்கிள் கூரைகளில் கருப்புக் கறை படியும். குளோயோகேப்சா மேக்மா என்ற நுண்ணுயிர்தான் காரணம். அங்கே ப்ளீச்சும் தண்ணீரும் சரிபாதி கலந்து, 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு, அழுத்தம் இல்லாமல் அலசுவது கூரை உற்பத்தியாளர் சங்கமே சொல்லும் முறை. சரிவில் வழியாமல் நிற்கத்தான் தொழில்முறை ஆட்கள் அதில் சோப்பு சேர்க்கிறார்கள்.

12/
நம்ம மொட்டை மாடி சமதளம். தண்ணீர் அதுவாகவே நிற்கும். அதனால் சோப்பு இல்லாமலே வேலை நடக்கும். ஊட்டி, நாகர்கோவில் பக்கம் உள்ள சரிவான ஓட்டு வீட்டுக்குத்தான் சோப்பு உண்மையில் உதவும். சமதளத்தில் நுரை அதிகமானால் வழுக்கல்தான் மிச்சம். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் நேராகக் கீழேதான்.

13/
சோப்பு வேணும்னா, ப்ளீச்சோடு எவை சேரக் கூடாது?
• கழிவறை கழுவும் திரவம்: பலவற்றில் அமிலம் இருக்கிறது. அதே அலமாரியில் ப்ளீச் வகையும் இருக்கும், பாட்டில் பார்க்க ஒரே மாதிரி. லேபிளைப் படிக்காமல் எடுக்காதீர்கள்.
• அம்மோனியா கலந்த கிளீனர்: ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரமைன் வாயு. இதுவும் நுரையீரலைத் தாக்கும்.
• கருப்பு பினாயில்: குளோரின் அதோடு வினைபுரிந்தே செலவாகிவிடும்.
• கட்டி சோப்பு: ப்ளீச்சிங் பவுடரின் கால்சியத்தோடும் போர் தண்ணீரின் உப்போடும் சேர்ந்து திரிந்துவிடும். வெள்ளைப் படலம், வழுக்கல்.

14/
லூஸில் விற்கும் சோப் ஆயில் தனிக் கதை. அதைத் தயாரிக்கும் மூலப்பொருளின் பெயரே "ஆசிட் ஸ்லரி". காஸ்டிக் சோடா போட்டு அதை நடுநிலையாக்க வேண்டும். அளவு குறைந்தால் அமிலம் மிச்சம் இருக்கும். லேபிள் இல்லாத கேனில் இருப்பது எது என்று பார்வைக்குத் தெரியாது.
நீல லிட்மஸ் பேப்பரை நனைத்துப் பாருங்கள். சிவப்பானால் அது ப்ளீச் பக்கமே வரக் கூடாது.

15/
எது சேரும்? ப்ளீச்சைத் தாங்கி நிற்பவை அமீன் ஆக்சைடு, சோடியம் லாரில் சல்பேட் மாதிரியானவை. வீட்டில் இருப்பதில் என்றால் சாதாரண துணி துவைக்கும் பவுடர். அதில் சலவைச் சோடா இருப்பதால் காரத்தன்மை உள்ளது. 10 லிட்டர் பக்கெட்டுக்கு ஒரு ஸ்பூன் போதும். "ப்ளீச்சுடன் கலக்காதீர்கள்" என்று லேபிளில் இருந்தால் அது வேண்டாம்.

16/
செய்முறை: பிளாஸ்டிக் பக்கெட்டில் 10 லிட்டர் தண்ணீர், அதில் சுமார் 300 கிராம் ப்ளீச்சிங் பவுடர். திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று கலக்குங்கள். அரை மணி நேரம் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். சோப்புத் தூள் கடைசியில். வெயில் ஏறும் முன் ஊற்றி, 20 நிமிடம் ஊறவிட்டு, தென்னந்துடைப்பத்தால் தள்ளி நிறைய தண்ணீரில் அலசுங்கள். நின்றுகொண்டே தேய்க்கும் நீளக் கட்டை பிரஷ் இருந்தால் இன்னும் நல்லது.

17/
அலசிய தண்ணீர் எங்கே போகுது? தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாய் கிணற்றுக்கோ சம்புக்கோ போகிறது என்றால், கழுவும் முன் அதை மூடி வேறு வழியில் திருப்புங்கள். ப்ளீச்சும் சோப்பும் குடிக்கிற தண்ணீரில் சேர வேண்டாம்.

18/
கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா? தேய்க்கவே வேண்டாம், பிரஷர் வாஷும் வேண்டாம். பாசியோடு நாரும் கிளம்பும். அதன் நோய் இன்று தெரியாது, பல பத்தாண்டுகள் கழித்து வரும்.

19/
வேலை செய்பவருக்கு முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி, வழுக்காத ரப்பர் பூட்ஸ் வாங்கி வையுங்கள். ஒரு தடவை வாங்கினால் பல வருடம் வரும். அவருக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

20/
ஏதாவது ஆகிவிட்டால்:
• வாயு என்றால் உடனே அந்த இடத்தை விட்டு நல்ல காற்றுக்கு. மூச்சு திணறினால் 108.
• கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனை. எலுமிச்சை, வினிகர் ஊற்றி "முறிக்க" வேண்டாம்.
• இருமல் நின்றாலும் அன்றே மருத்துவரைப் பார்க்கட்டும். எதோடு எதைக் கலந்தீர்கள் என்று சொல்லுங்கள், பாட்டிலையும் எடுத்து வாருங்கள்.

21/
அந்த லிஸ்டை அடுத்த தடவை கேட்கும்போது ஆசிட்டை நீங்களே அடித்துவிடுங்கள். "ஏன் சார்?"னு கேட்டா, "உங்க நுரையீரலுக்கும் ஆகாது, என் மாடிக்கும் ஆகாது. கூட அரை நாள் எடுத்துக்கங்க, அதுக்கும் கூலி தரேன்"னு சொல்லுங்க.
உங்க அபார்ட்மென்ட் குரூப்புக்கு இதை அனுப்பி விடுங்கள். மாடி கழுவுகிறவரிடம் வாயாலேயே சொல்லுங்கள்.