பழைய சட்டத்தை விறகாக்க வேண்டாம்

பாட்டனார் வாங்கிய கார் கொட்டகையில் கிடக்கிறதா? கூரை இற்றுவிட்டதென்று பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். 1935-ஆம் ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முழு எஃகுக் கூரையைக் கொண்டுவரும் வரை, பெரும்பாலான மூடிய கார்களின் கூரை மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியதே. அவ்வளவு பெரிய தகட்டை அழுத்தி எடுக்கும் வசதி அன்று இல்லை. துணி கிழிந்தால் மழைநீர் இறங்கி மரம் உளுத்துவிடும்.

அதை மாற்ற, மல்லாங்கிணற்றில் வண்டி வேலை பழகிய தச்சர் கிடைத்தால் போதும். இற்ற சட்டத்தை மட்டும் பத்திரப்படுத்துங்கள்; வளைவுக்கும் பொருத்துக்கும் அதுதான் மாதிரி. நன்கு உலர்ந்த மரத்தில் செய்து, கதவுகள் சரியாக மூடுகின்றனவா என்று பார்த்த பிறகே துணி போர்த்த வேண்டும்.

நம் சரக்குக்கு உரிய விலை கேட்கும் நாம், தச்சர் கூலியில் பேரம் பேசுவது முறையன்று. அந்தத் தொழிலை அவர் கைவிட்டபின் பணம் இருந்தும் பயனில்லை என்பதே நம் கருத்து.