மரம் நட்டால் போதுமா?

நெய்வேலிப் பக்கம் போகிறவர்கள் ஒரு விசித்திரத்தைக் காணலாம். சமதரையாகக் கிடந்த பூமியில் இன்று குன்றுகள் நிற்கின்றன. இயற்கை எழுப்பிய குன்றுகள் அல்ல. சுரங்கத்திலிருந்து வாரிய மண்ணை மனிதன் கொட்டிய குன்றுகள். 1957-ல் வேலை தொடங்கி, 1961-ல் முதல் கரி கண்ட இடம் இது. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்காக ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது.

கரி எடுத்த பள்ளங்களை நிரப்புகிறார்கள்; மேடுகளைச் சீர்படுத்தி மரம் வைக்கிறார்கள். பாராட்டவேண்டிய காரியந்தான். ஆனால், மரம் வைத்த மாத்திரத்தில் நிலம் பிழைத்துவிட்டது என்று எண்ணலாமா? ஐப்பசி மழை வரட்டும், விஷயம் தெரிந்துவிடும்!

ஒரு ஹெக்டேர் மேட்டில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால், விழும் தண்ணீர் பத்து லட்சம் லிட்டர். மணலும் களியும் கலந்து கொட்டிய மண்ணுக்கு இறுக்கம் ஏது? நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் உந்துசக்தி நான்கு மடங்காகிறது. முதலில் விரல் அகலத்தில் கோடு விழும்; மறு மழைக்கு அது முழங்கால் ஆழமாகும்; பிறகு ஆள் இறங்கும் ஓடையாகிவிடும். நட்ட கன்று வேரோடு போகும்.

இதற்காகத்தானே வடிகால் வெட்டியிருக்கிறது என்பார்கள். வாஸ்தவம். ஆனால், மேலிருந்து வரும் மண்ணே வடிகாலைத் தூர்த்துவிடுகிறது. கொட்டிய மண் வருஷா வருஷம் அமிழ்வதால் சிமெண்டுக் கால்வாயும் வெடிக்கிறது. வெடிப்பில் புகுந்த நீர் அடிமண்ணை அரிக்கிறது. மேலே கால்வாய், கீழே பொந்து! வழி அடைபட்ட தண்ணீர் கரையைத் தாண்டித் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்கிறது.

அந்த மண் எங்கே போகிறது? மேட்டு மண் வந்து பரவனாற்றையும் பெருமாள் ஏரியையும் தூர்க்கிறது என்பது கீழ்மடை விவசாயிகளின் நெடுநாளைய முறையீடு. ஏரியில் ஓர் அடி மண் ஏறினால், ஓர் அடித் தண்ணீர் குறைந்தது என்று பொருள். குடியானவனுக்கு அது நெல் கணக்கு.

பரிகாரம் இல்லாமல் இல்லை. சரிவை நீண்டு விடாமல் படி படியாக வெட்டி, ஒவ்வொரு படியையும் உட்புறம் சாய்க்கவேண்டும். மேல்மண்ணைப் பத்திரப்படுத்தித் திரும்பப் பரப்பவேண்டும். தென்னை நார்ப் பாய் விரித்து, வெட்டிவேரும் புல்லும் முதலில் பிடிக்கவேண்டும். அடிவாரத்தில் கல்சுவரும், வண்டல் தங்கும் குளமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மழைக்கு முன் தூர் வார மண்வெட்டியோடு ஆள் வேண்டும். ஒரு வருஷமல்ல, பல வருஷம்.

அமெரிக்காவில் 1977-ம் ஆண்டுச் சட்டப்படி, பயிர் வைத்தபின் குறைந்தது ஐந்து ஆண்டு, மழை குறைந்த இடங்களில் பத்து ஆண்டு, சுரங்க முதலாளியின் பொறுப்பு தீராது. அவர் கட்டிய ஜாமீன் தொகை முழுவதும் அதுவரை கைக்குத் திரும்பாது. நம் நாட்டிலும் நிலக்கரிச் சுரங்கங்களை மூடும் செலவுக்குத் தனிக் கணக்கில் பணம் போடும் ஏற்பாடு 2009-ல் வந்தது. அந்தப் பணம் வடிகாலைப் பேணவும் செலவாகவேண்டும்.

நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைச் சொன்னால் மட்டும் போதாது. மழை விட்ட மறுநாள் அடிவாரத்து ஓடையில் ஒரு சொம்பு நீர் மொண்டு பார்க்கட்டும். அது தெளிந்திருந்தால், நிலம் மீண்டது என்று நாமும் ஒப்புக்கொள்வோம்.