பின்னால் 43, முன்னால் 39

பழைய ஜீப் மேல் ஆசை இல்லாத வாலிபர் கம்பைநல்லூர் பக்கம் குறைவு. ஒரு பக்கம் சித்தேரி மலை, இன்னொரு பக்கம் தென்பெண்ணை மணல். ஆசை வராமல் என்ன செய்யும்? பிடித்தம் போக மிஞ்சிய சம்பளத்தைச் சேர்த்து, ஒரு பழைய மஹிந்திரா ஜீப் வாங்குகிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, அது டூ வீல் டிரைவ்! முன் ஆக்சில் வண்டியைத் தாங்கும், இழுக்காது.

உடனே ஒரு புண்ணியவான் வருவார். "மிலிட்டரி ஜீப் ஆக்சில் ஒண்ணு கிடக்குது தம்பி. அப்படியே தூக்கி மாட்டிக்கலாம்." (டிரான்ஸ்பர் கேஸும் முன் ஷாஃப்ட்டும் வேண்டும் என்பதை அட்வான்ஸ் வாங்கிய பிறகு சொல்வார்.)

மாட்டலாம்தான். ஜாதகம் பார்க்காமல் தாலி கட்டலாம் என்பது மாதிரி.

ஜாதகம் இருப்பது உள்ளே, கிரவுன் பினியனில். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் கிரவுனுக்கு 39 பல், பினியனுக்கு 8. கணக்குப் போட்டால் 4.88. போருக்குப் பிறகு பொதுமக்களுக்கு வந்த ஜீப்பில் 43-க்கு 8, அதாவது 5.38. 1947-ல் மஹிந்திரா பம்பாயில் பூட்ட ஆரம்பித்ததும் இந்த வில்லிஸ் வம்சத்தைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் அண்ணன் தம்பி.

பின்னால் 43, முன்னால் 39 என்று அமைந்துவிட்டால்? ஃபோர் வீல் போட்டதும், பின் சக்கரம் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் முன் சக்கரம் 100 மீட்டர் கூடுதலாகப் போகத் துடிக்கும். ஆற்று மணலில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. டயர் தேயும், இல்லாவிட்டால் உள்ளே ஏதாவது முறியும்.

"நாலு பல்லுதானே அண்ணே?" என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"தார் ரோட்ல லீவரைப் போட்டுப் பாருங்க சார். அப்புறம் எடுக்கறதுக்கு என்னைக் கூப்பிடுங்க" என்றார்.

டூ வீலில் ஓட்டும்வரை இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. விற்கிறவர் டிரையல் காட்டுவதும் டூ வீலில்தான்!

பிரித்துப் பார்க்காமலே கண்டுபிடிக்க வழி உண்டு. தரையில் கிடக்கும் ஆக்சிலில் ஒரு பக்க டிரம்மை நண்பரை அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். மறுபக்கத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பினியன் முனையில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைந்தால் 4.88. ஐந்தே கால் தாண்டினால் 5.38. உங்கள் பின் ஆக்சிலும் அதே எண்ணிக்கை காட்ட வேண்டும். டிஃபரன்ஷியல் உருண்டை வலது பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஜீப்பில் டிரான்ஸ்பர் கேஸிலிருந்து முன் ஷாஃப்ட் வருவது அந்தப் பக்கம்தான்.

எல்லாம் பொருந்தினாலும் ஒரு பெரியவர் பாக்கி இருக்கிறார்: பிரேக் இன்ஸ்பெக்டர். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஃபோர் வீலாகவே வந்த வண்டிக்கு அதே ரக ஆக்சில் போட்டால் ரிப்பேர். டூ வீலை ஃபோர் வீல் ஆக்குவது வேறு சமாசாரம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி. புக்கோடு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அதற்கு டவுன் பஸ் போதும்.