துலாக்கோலும் வீரமும்

எங்கள் சூலக்கரையை அடுத்த விருதுநகர்க் கடைத்தெருவில் பருப்பும் மிளகாய் வற்றலும் நாள்தோறும் நிறுக்கப்படுகின்றன. குத்துச்சண்டைப் போட்டியிலோ வீரரையே நிறுத்துப் பார்க்கின்றனர். எடையால் ஒத்தவரே எதிர்நின்று பொரலாம் என்பது அதன் விதி. மெலிந்தோர் தம்முள் பொருது பெறும் பட்டம் சிறு பட்டமே என்று சிலர் இகழ்வர். அஃது அறியாமை என்பதே என் துணிபு.

மணிப்பூர் மாநிலத்துக் காங்கதேய் என்னும் சிற்றூரில் எளிய உழவர் குடியிற் பிறந்தவர் மேரி கோம் அம்மையார். 2002, 2005, 2006, 2008, 2010, 2018 ஆகிய ஆண்டுகளில் அறுமுறை உலக வாகைப் பட்டம் சூடினார். முதற்பட்டம் 45 கிலோ பிரிவில். அடுத்த மூன்றும் 46 கிலோ பிரிவில். ஏனைய இரண்டும் 48 கிலோ பிரிவில். இரட்டை மகவுகளை ஈன்ற மறு ஆண்டே 2008ஆம் ஆண்டுப் பட்டத்தை வென்றார் எனின், அவர்தம் உள்ளத் திண்மையை என்னென்பது!

2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் குத்துச்சண்டை முதன்முறையாகப் பதக்கப் போட்டியாயிற்று. ஆயின், அங்கே மிகக் குறைந்த பிரிவே 51 கிலோ. தமக்குரிய பிரிவு இல்லையென்று அம்மையார் ஒதுங்கினாரல்லர். தம்மினும் எடை மிக்காரோடு பொருது வெண்கலம் பெற்றார். ஒத்த எடையில் உலகை வென்றவர்க்கு, எடை மாறிய இடத்தில் பொன் எட்டவில்லை. ஆகவே, எடைப்பிரிவு என்பது மெலியார்க்கு இடும் பிச்சையன்று. வீரத்தை நேர்மையாக அளக்கும் முறையே ஆகும்.

மாணவச் செல்வங்களே! மெலிந்தவர் என்று கருதி எவரையும் ஆடுகளத்தினின்று விலக்காதீர்கள். மெலிந்தவராயின் நீங்களும் விலகி நில்லாதீர்கள். ஒத்தாரோடு பொர இடந்தருதல் சான்றோர் கடன். கிடைத்த இடத்தில் அயராது உழைத்தல் உங்கள் கடன்.