பள்ளிவாசல் வாசலில் அணையாத எஞ்சின்கள்

சென்னையில் மண்ணடி, வண்ணாரப்பேட்டை போன்ற நெருக்கமான தெருக்களில் வாழும் நம் குடும்பங்களில் காற்று மாசைப் பற்றிய அச்சம் மிகுந்துள்ளது. வசதி படைத்தோர் படுக்கையறைக்கு ஏர் பியூரிஃபையர் வாங்குகின்றனர். ஏனையோர் கைக்குட்டையாலும் துப்பட்டாவாலும் மூக்கை மூடிக்கொள்கின்றனர். இதுவே பாதுகாப்பு என்று அமைதி கொள்வதை என்னால் ஏற்க இயலவில்லை.

நுரையீரலின் அடிவரை செல்லும் பிஎம் 2.5 என்னும் நுண்துகள் தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ 30-இல் ஒரு பங்கே. துணியின் இழைகளுக்கிடையே அது எளிதில் நுழைந்துவிடும். என்95 முகக்கவசம் தடுக்கும். ஆனால் அதன் விளிம்பு தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். தாடி வைத்த நமக்கு அங்கே இடைவெளி விழுகிறது. (தாடியை எடுக்கச் சொல்ல வரவில்லை, வாங்கிய பொருளின் எல்லையை அறியுங்கள் என்கிறேன்.) ஏர் பியூரிஃபையரோ கதவடைத்த ஓர் அறைக்குள் மட்டுமே பயன் தரும். அவ்வறையிலேயே மாலையில் சாம்பிராணியும் இரவில் கொசுவர்த்திச் சுருளும் புகைந்தால், நாமே மூட்டிய புகையைத்தான் அது வடிகட்டிக்கொண்டிருக்கும். தெருவிலேயே பிழைக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் சுமைத் தொழிலாளிக்கும் எந்த அறை இருக்கிறது?

இனி நம் வாசலைப் பாருங்கள். மாலை மத்ரஸா விடும் வேளையில், அழைத்துச் செல்ல வரும் தந்தையர் எஞ்சினை அணைக்காமலே நிற்கின்றனர். தம் மகனுக்கு முகக்கவசம் மாட்டிவிடும் அதே மனிதரின் வண்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகத்தில் புகை கக்குகிறது. ஏசிக்காகக் காரை ஓடவிட்டு உள்ளேயே அமர்ந்திருப்போரும் உண்டு. வலீமா விருந்து முடிந்ததும் பிளாஸ்டிக் விரிப்பையும் குவளைகளையும் தெருமுனையில் குவித்துக் கொளுத்துகிறோம்.

பச்சைப் பூண்டு உண்டவர் அந்த வாடையோடு பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை நம்மில் அறியாதவர் இல்லை. வாடை எவரையும் நோயாளி ஆக்குவதில்லை. அருகில் நிற்பவருக்குத் தொல்லை தரும், அவ்வளவே. அதற்கே தடையென்றால், இளைப்பு நோயுள்ள பிள்ளையை மூச்சுத் திணற வைக்கும் டீசல் புகைக்கு எவ்வாறு அனுமதி கிடைத்தது, சகோதரர்களே?

எல்லாம் கத்ர் என்று ஒதுங்குவோருக்கு ஒன்று சொல்வேன். ஷாம் நாட்டை நோக்கிப் பயணித்த உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு ஸர்க் என்னுமிடத்திலிருந்து திரும்பினார்கள். அவர்களைவிட நமக்குக் கத்ரின் மீது நம்பிக்கை மிகுதியோ?

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நான் கேட்பது பெருஞ்செலவுள்ளதன்று. மேடை போட்டு முகக்கவசம் வழங்குவதற்கு முன், வாசலில் எஞ்சினை அணைக்கச் சொல்லி ஓர் அறிவிப்புப் பலகை வையுங்கள். திருமண மண்டப வாடகைச் சீட்டில் குப்பை எரிக்கக் கூடாதென ஒரு வரி சேருங்கள். ஜெனரேட்டரின் புகைக்குழாய் பெண்கள் தொழும் அறையின் சன்னலை நோக்கியிருந்தால் அதைத் திருப்புங்கள். முதல் இரண்டுக்கும் வரும் ஜும்ஆ வரையான அவகாசமே போதும்.