மாசிச் சம்பலும் சம்பளக் கணக்கில் வரவேண்டும்



நாட்சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம், "தோட்டத்து ஆட்கள் காசை வாய்க்கே செலவழிக்கிறார்கள்" என்று சிலர் குறை சொல்கிறார்கள்.

அவர்கள் எந்தச் செலவைச் சொல்கிறார்கள்? ஒரு கரண்டி இடித்த மாசி, செத்தல் மிளகாய், வெங்காயம், பிழிந்த தேசிக்காய். இந்தச் சம்பல் இருந்தால்தான் விடியற்காலையில் சுட்ட ரொட்டி மத்தியானம் மலையில் தொண்டைக்குள் இறங்கும்.

நமது அரநாயக்க உள்ளிட்ட சபரகமுவ மலைப்பகுதி கித்துள் பாணிக்குப் பேர்போனது. பாளையைச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சினால் பாணி, இன்னும் இறுக்கினால் கருப்பட்டி. வெறுந்தேநீரோடு அதில் ஒரு துண்டைக் கடிப்பதும் ஆடம்பரமா?

2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமானது. 2021இல் நிர்ணயித்த 1000 ரூபா நாட்சம்பளமோ அசையவில்லை. 2024 செப்டம்பரில்தான் அது 1350 ரூபா ஆனது. இடைப்பட்ட காலத்தில் அரிசியையும் மாவையும் விட முடியாது, மாசியைத்தான் விட்டோம்.

பசியை அடக்குவது மட்டும் சாப்பாடு அல்ல. நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பவருக்கும் பால் வெட்டுபவருக்கும் நாக்கு உண்டு. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் செலவுக் கணக்கு அரிசி, மா, பருப்போடு நிற்கக்கூடாது. மாசியும் கருப்பட்டியும் அதில் எழுதப்பட வேண்டும். தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் இதை நாமே எழுப்புவோம்.