திருப்பியனுப்ப இவர்கள் யார்?

கணவன் அடித்தானென்று பொலிஸ் நிலையம் வரும் பெண்ணை, 'குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்' என்று திருப்பியனுப்பும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஊர்ப் பெரியோர் செய்துவைக்கும் சமரசமோ பெரும்பாலும் அவளையே பணியவைக்கும் சமரசம்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கூறுவது வேறு. அடி மட்டுமன்று, கடுமையான மனவதையும் வன்முறையே. அவள் நேரே நீதவான் நீதிமன்றை நாடலாம். அவள் சார்பில் பொலிசாரும் விண்ணப்பிக்கலாம். விசாரணைக்கு முன்னரே இடைக்காலக் கட்டளை இடலாம். பின்னர் 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளை உண்டு. அடித்தவன் அவ்வீட்டினுள் நுழையாதிருக்கவும் மன்று பணிக்கலாம். வீட்டைவிட்டு ஓடவேண்டியவள் அவளல்லள் என்பதே இதன் பொருள்.

வழி தெரியாதோர் 1938 என்ற மகளிர் உதவித் தொலைபேசியை அழைக்கலாம். இனியும் திருப்பியனுப்பும் பொறுப்பதிகாரி, எந்தச் சட்டத்தின்படி அனுப்புகிறார் என்பதை எழுத்தில் தரட்டும்.